பதின்ம வயதினரின் வாசிப்பு: சுய எண்ணக்கரு, வீட்டு வருமானம், ஆண்–பெண் வேறுபாடு பற்றி கொழும்புப் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்பவை

தமிழ் மொழிமூலத்தில் தரம் 7 முதல் 11 வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் உரிய பக்கம் இது. வாசிப்பு என்று இங்கே சொல்வது எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படிப்பதை மட்டுமல்ல. ஒரு பந்தியை வாசித்து, அதில் சொன்னதையும் சொல்லாமல் உணர்த்தியதையும் பிடித்துக்கொள்ளும் திறனைச் சொல்கிறோம். வரலாறு, விஞ்ஞானம், கணிதத்தில் வரும் வசனக் கணக்கு என்று சாதாரண தரத்தின் எல்லாப் பாடமும் இந்தத் திறன்மேல்தான் நிற்கிறது.

சுய எண்ணக்கரு என்றால் என்ன? தன்னம்பிக்கையும் அதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. ஒரு குறிப்பிட்ட துறையில் தன்னைப் பற்றிப் பிள்ளை வைத்திருக்கும் எண்ணமே சுய எண்ணக்கரு. 1976இல் ஷேவல்சன் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் இதை ஒரு மரம்போல விளக்கினார்கள். மேலே பொதுவான எண்ணம், அதன் கீழே படிப்பு, உடல், உறவு என்று கிளைகள், படிப்புக்குள்ளும் பாடத்துக்குப் பாடம் தனிக் கிளைகள். அதனால் பாடசாலைக் கிரிக்கெட் அணியில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் பையன், தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தவுடன் சுருங்கிப்போகலாம். அவனுக்குத் தன்னம்பிக்கை இல்லை என்று சொல்ல முடியாது. வாசிப்பு என்ற அந்த ஒரு கிளையில்தான் பட்டுப்போயிருக்கிறது.

15 வயதினரை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் பீசா மதிப்பீடு 2018இல் இதை இரண்டு பக்கமாகக் கேட்டது. ஒன்று திறன் பற்றியது: நான் நல்ல வாசகன், கடினமான பந்தியும் எனக்கு விளங்கும் என்பதுபோல. மற்றது சிரமம் பற்றியது: வாசிப்பு எனக்கு எப்போதும் கஷ்டம், முழுதாக விளங்க ஒரு பந்தியைப் பல தடவை வாசிக்க வேண்டியிருக்கிறது என்பதுபோல. இந்த நாலு வாக்கியத்தையும் வீட்டில் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும். 'எனக்கு விளங்கும், ஆனால் நேரம் எடுக்கும்' என்று சொல்லும் பிள்ளைக்கு வேண்டியது ஒன்று, 'எனக்குத் தமிழ் ஏறாது' என்று சொல்லும் பிள்ளைக்கு வேண்டியது வேறொன்று.

எது முதலில் வருகிறது? நல்ல எண்ணமா, நல்ல வாசிப்பா?

இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. ஹெர்பர்ட் மார்ஷ் முதலானோர் பல ஆண்டுகள் மாணவர்களைத் தொடர்ந்து பார்த்து எட்டிய முடிவு இது. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே பலம் என்று நினைக்க வேண்டாம். 2004இல் வாலன்டைன், டுபுவா, கூப்பர் மூவரும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். முன்னைய பெறுபேற்றைக் கணக்கில் எடுத்த பிறகு, தன்னைப் பற்றிய எண்ணம் பிந்தைய பெறுபேற்றில் ஏற்படுத்தும் தாக்கம், 0 என்றால் தாக்கமே இல்லை, 1 என்றால் முழுத் தாக்கம் என்ற அளவில், 0.08 அளவில்தான் நின்றது. சிறியது, ஆனால் உண்மையானது. அந்த எண்ணம் அதே பாடம் சார்ந்ததாக இருந்தால் தாக்கம் கூடுகிறது.

இதிலிருந்து நாங்கள் எடுக்கும் முடிவு தெளிவானது. 'உன்னால் முடியும்' என்று சொல்லிக்கொண்டே இருப்பதால் மட்டும் வாசிப்பு வராது. பிள்ளைக்கு உண்மையிலேயே விளங்கக்கூடிய பந்தியைக் கையில் கொடுத்து, அது விளங்கியது என்பதை அந்தப் பிள்ளையே காணச் செய்ய வேண்டும். எண்ணம் அதன் பின்னால் வரும். வந்தபின் அது அடுத்த பந்தியைத் திறக்கத் தைரியம் கொடுக்கும்.

எதிர்த்திசையிலும் இதே சக்கரம் சுழலும். வாசிக்கச் சிரமப்படும் பிள்ளை வாசிப்பைத் தவிர்க்கும், தவிர்த்தால் புதுச் சொல் சேராது, சேராவிட்டால் அடுத்த வருடப் புத்தகம் இன்னும் கடினமாகும். 1986இல் கீத் ஸ்டனோவிச் இதை மத்தேயு விளைவு என்று அழைத்தார். உள்ளவனுக்கே மேலும் கொடுக்கப்படும் என்ற வேதாகம வசனத்தை நினைத்து. தரம் 9இல் நாம் காணும் இடைவெளி பெரும்பாலும் தரம் 3இலேயே தொடங்கியிருக்கும்.

வீட்டு வருமானம் எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது?

பீசா 2018 வாசிப்பில், பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பின் நாடுகளில், வசதியான மேல் கால்வாசி மாணவர்களுக்கும் வசதி குறைந்த கீழ்க் கால்வாசி மாணவர்களுக்கும் இடையே சராசரி வித்தியாசம் 89 புள்ளி. அந்தச் சுற்றில் இலங்கை பங்கெடுக்கவில்லை. ஆகவே இதைக் கொழும்பின் எண்ணாக எடுக்கக் கூடாது. வசதியைக் கணிக்கப் பீசா வைத்திருக்கும் அளவுகோல் சம்பளத்தை மட்டும் அளப்பதும் இல்லை. பெற்றோரின் கல்வி, தொழில், வீட்டில் உள்ள பொருட்கள், புத்தகங்கள் எல்லாம் சேர்ந்ததே அது.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். செல்சுக் சிரின் 2005இல் அமெரிக்க ஆய்வுகளைத் தொகுத்தபோது, தனி மாணவர் மட்டத்தில் குடும்ப நிலைக்கும் பெறுபேற்றுக்கும் உள்ள தொடர்பு ஏறத்தாழ 0.3 என்று வந்தது. இரண்டும் எவ்வளவு பங்கு சேர்ந்து போகின்றன என்பதை அந்த எண்ணின் வர்க்கம் சொல்லும்; 0.3இன் வர்க்கம் 0.09. மாணவர்களுக்கிடையே காணும் வேறுபாட்டில் சுமார் 9 வீதம்தான் குடும்ப நிலையோடு சேர்ந்து போகிறது. பீசா 2018இலும் வசதி குறைந்த மாணவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் தம் நாட்டின் மேல் கால்வாசிக்குள் நின்றார். கூட்டமாகப் பார்த்தால் வருமானம் பெரிய விஷயம். உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் வாசிப்பை அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

வருமானம் வாசிப்புக்குள் நுழையும் வழிகள்தான் முக்கியம், ஏனென்றால் அவற்றில் சிலவற்றைக் காசில்லாமலே அடைக்கலாம். முதலாவது இடம். கொட்டாஞ்சேனையிலோ மாளிகாவத்தையிலோ தோட்டத்து வீட்டில் ஆறு பேருக்கு ஒரு அறை, அதில் ஒரு டீவி என்றால் இரவு 9 மணிவரை ஒரு பக்கம்கூட அமைதியாக வாசிக்க முடியாது. இரண்டாவது பேச்சு. இரண்டு வேலை பார்த்துக் களைத்து வரும் அம்மாவுக்குப் பிள்ளையோடு ஒரு செய்தியைப் பற்றிக் கதைக்க நேரம் எங்கே? மூன்றாவது புத்தகம். பாடநூலை அரசு இலவசமாகக் கொடுக்கிறது; கதைப்புத்தகமும் சஞ்சிகையும் வீட்டுச் செலவில் முதலில் வெட்டப்படுபவை. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. அந்த வருடத்தில் எத்தனை வீடுகளில் புதுக் கதைப்புத்தகம் வாங்கியிருப்பார்கள்? நாலாவது, வெளியே சொல்லப்படாதது: 'எங்கட வீட்டில படிச்ச ஆக்கள் இல்லை' என்ற எண்ணம். வருமானமும் சுய எண்ணக்கருவும் கைகோர்க்கும் இடம் இதுதான்.

காசு செலவழிக்க முடியாது. என்ன செய்யலாம்?

பழைய பாடநூல்களிலிருந்து தொடங்குங்கள். தரம் 9 பிள்ளைக்குத் தரம் 6, 7 வரலாறு, விஞ்ஞானம், குடியியல் நூல்கள் அருமையான வாசிப்புப் பொருள். பக்கத்து வீட்டில் கிடைக்கும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் பாடநூல்கள் உண்டு. ஒரு கவனம் வேண்டும். கீழ் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை அப்படியே நீட்டினால் 14 வயதுப் பிள்ளைக்கு அது அவமானம், மறுநாளே மூடிவைத்துவிடும். வேறு பாட நூலில் இரண்டு பக்கத்தைப் பிரதி எடுத்துக் கொடுங்கள். தரம் எத்தனை என்பது அதில் தெரியாது.

இடம் இல்லாவிட்டால் பாடசாலையையே பயன்படுத்துங்கள். பாடசாலை விட்டபின் வகுப்பறையில் 20 நிமிடம், வாரத்தில் நாலு நாள் போதும். கொழும்பு 7இல் கொழும்புப் பொது நூலகமும், வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகமும் இருக்கின்றன. முதல் தடவை பெரியவர் ஒருவர் கூடப் போவது நல்லது. நூலகம் படிச்சவர்களுக்கு உரிய இடம் என்று நினைக்கும் பிள்ளை தனியாக வாசற்படி ஏறாது.

பெண் பிள்ளைகள் இயல்பாகவே நன்றாக வாசிப்பவர்களா?

15 வயதில் முன்னால் நிற்கிறார்கள் என்பது உண்மை. பீசாவில் அந்த இடைவெளி 2009இல் 39 புள்ளி, 2018இல் 30, 2022இல் 24. இயற்கை மாறாமல் இருக்க, 13 ஆண்டுகளில் இடைவெளி இவ்வளவு அசைந்திருக்கிறது. 2015இலிருந்து பரீட்சை பெரும்பாலும் கணினிக்கு மாறியதும் இதில் ஒரு பங்கு. பெரியவர்களின் எழுத்தறிவை அளக்கும் சர்வதேச மதிப்பீட்டில் ஆண், பெண் வித்தியாசம் மிகச் சிறியது. பையன்கள் பிந்தி ஓடினாலும் ஓடி வந்து சேர முடிகிறது.

30 புள்ளி என்பதைக் கண்முன் கொண்டுவருவோம். பீசாவின் சிதறல், அதாவது மாணவர்களின் புள்ளிகள் சராசரியிலிருந்து விலகி நிற்கும் வழக்கமான அளவு, ஏறத்தாழ 100 புள்ளி. அதை வைத்துக் கணக்கிட்டால், கண்ணை மூடிக்கொண்டு ஒரு மாணவியையும் ஒரு மாணவனையும் 100 தடவை எடுத்து ஒப்பிடும்போது மாணவி முன்னால் நிற்பது சுமார் 58 தடவை. மீதி 42 தடவை பையன் முன்னால். 'ஆம்பிளைப் பிள்ளைகள் இப்பிடித்தான்' என்று ஆசிரியர் அறையில் சொல்வதற்கு இந்த எண் இடம் தரவில்லை.

இடைவெளிக்குக் காரணங்களில் பெரியது விருப்பமும் அதனால் சேரும் வாசிப்பு நேரமும்தான். வாசிப்பு பெண் பிள்ளைகளின் வேலை என்ற பேச்சை 8 வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த பையன், வாசிக்கத் தெரிந்தும் அதைத் தன் அடையாளத்துக்குள் எடுக்க மாட்டான். வசதிக் குறைவும் இதோடு சேர்ந்தால் நிலைமை கடுமையாகும். அடிப்படைத் தேர்ச்சியை எட்டாதவர்களில் பையன்கள்தான் அதிகம்.

பெண் பிள்ளைகளுக்கு வேறு சிக்கல் உண்டு. புள்ளி நன்றாக வருவதால் யாரும் கவனிப்பதில்லை. சமையலறை வேலையும் தம்பி தங்கையைப் பார்ப்பதும் வாசிப்பு நேரத்தைத் தின்னும். பின்னேரம் நூலகத்துக்குத் தனியே அனுப்பமாட்டார்கள். கேட்டால் 'அவள் கெட்டிக்காரி, சமாளிப்பாள்' என்பார்கள்.

மகன் கதைப்புத்தகம் தொடமாட்டான். ஃபோனில் கிரிக்கெட் செய்தி மட்டும் பார்ப்பான். அதை வாசிப்பு என்று சொல்லலாமா?

சொல்லலாம், சொல்லவும் வேண்டும். போட்டி அறிக்கையில் காரணம், விளைவு, ஒப்பீடு, புள்ளிவிவரம் எல்லாம் இருக்கின்றன. 'நீ தினமும் வாசிக்கிறாய்' என்று அவனிடம் சொல்வது அவன் எண்ணத்தை மாற்றும் முதல் படி, அது பொய்யும் அல்ல. ஆனால் தலைப்பும் இரண்டு வரியும் மட்டும் பார்த்துத் தள்ளிக்கொண்டு போனால் திறன் வளராது. ஒரு முழு அறிக்கையை வாசித்து, 'ஏன் தோற்றார்கள்? எழுதினவர் யாரைக் குறை சொல்கிறார்? எந்த வரியில்?' என்று மூன்று கேள்விக்குப் பதில் சொல்லட்டும். பிறகு அச்சுப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கம், அதன்பின் ஆசிரியர் தலையங்கம்.

புலமைப்பரிசிலில் சித்தியடைந்து பெரிய பாடசாலைக்குப் போனபின், 'நான் மொக்கு' என்கிறாள். ஏன்?

பிள்ளை தன்னை அளப்பது நாட்டின் சராசரியோடு அல்ல, பக்கத்து மேசையோடு. முந்திய பாடசாலையில் முதலாவதாக வந்தவள் இங்கே 23ஆவது. வாசிப்பு குறையவில்லை, அளவுகோல் மாறிவிட்டது. சின்னக் குளத்துப் பெரிய மீன் என்று ஆய்வாளர்கள் இதைச் சொல்வார்கள். மார்ஷும் ஹௌவும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் 26 நாடுகளின் 15 வயதினரிடம் இதைக் கண்டார்கள். ஒரே திறமையுள்ள இருவரில், திறமைசாலிகள் நிறைந்த பாடசாலையில் இருப்பவரின் எண்ணமே தாழ்ந்திருந்தது.

வகுப்பு நிலையை வைத்துக் கதைப்பதை நிறுத்துங்கள். சென்ற தவணையில் அவள் எழுதிய சுருக்கத்தையும் இந்தத் தவணையில் எழுதியதையும் பக்கத்தில் வையுங்கள். அவளோடு அவளை ஒப்பிடுவதற்கு கொப்பி மட்டும் போதும். ஆசிரியர்கள் புள்ளிப் பட்டியலைச் சத்தமாக வாசிப்பதை விட்டாலே பாதிப் பாரம் குறையும்.

கணிதத்தில் ஏ, தமிழில் எஸ். தமிழ் வராது என்றே முடிவு செய்துவிட்டான்.

தனக்குள்ளேயே ஒப்பிடுவதும் உண்டு. 1986இல் மார்ஷ் விளக்கியது இது: ஒரு பாடத்தில் மிக நன்றாக இருப்பது மற்றப் பாடத்தைப் பற்றிய எண்ணத்தைக் கீழே இறக்கும், அந்த மற்றப் பாடத்தில் அவன் வகுப்புச் சராசரிக்கு மேலே இருந்தாலும்கூட. அவன் பலத்தையே பாலமாக்குங்கள். வசனக் கணக்கைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அதுவும் வாசிப்புத்தான் என்று அவனுக்கே விளங்கும்.

எங்கே தடக்குப்படுகிறது என்று வீட்டில் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். 20 நிமிடம் வேண்டும். பிள்ளை முன்பு பார்க்காத பந்திகள் மூன்று எடுங்கள்: தரம் 6, தரம் 8, இப்போதைய தரம். ஒவ்வொன்றிலும் 100 சொல். வேறு யாரும் கேட்காத இடத்தில் சத்தமாக வாசிக்கச் சொல்லி, பிழைகளை ஒரு தாளில் குறியுங்கள். இடையில் திருத்தாதீர்கள்.

நூற்றுக்கு 95 சொல்லும் அதற்கு மேலும் சரியென்றால் அந்தத் தரம் பிள்ளைக்குப் பொருந்தும். 90க்கும் 94க்கும் இடையில் என்றால் உதவியோடு வாசிக்கலாம். 90க்குக் கீழே என்றால் அது மிகக் கடினம். அந்தத் தரத்துப் பந்தியில் தினமும் உட்காரவைப்பது தினமும் தோல்வியைக் கொடுப்பதற்குச் சமம். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற ஆங்கில அட்டவணைகளைத் தமிழுக்குப் பொருத்த வேண்டாம். தமிழ்ச் சொல் நீளமானது, ஆங்கிலத்தின் நாலு சொல் இங்கே ஒரு சொல்லுக்குள் இருக்கும்.

வாசித்து முடிந்ததும் புத்தகத்தை மூடி, என்ன சொல்லியிருக்கிறது என்று கேளுங்கள். சொற்கள் சரி, ஆனால் சொல்ல ஒன்றும் இல்லை என்றால் சிக்கல் விளக்கத்தில். சொற்களே தடக்கினால் சிக்கல் எழுத்தில். 1986இல் கொஃபும் டன்மரும் முன்வைத்த எளிய விளக்கம் இதுதான்: வாசிப்பு என்பது எழுத்தை அறிதலும் மொழி விளக்கமும் பெருக்கி வருவது. ஒன்று பூச்சியமானால் முழுவதும் பூச்சியம்.

நீளமான சொல் வந்தால் பாதியில் விட்டுவிடுகிறாள்.

தமிழில் அதிகம் காணும் தவறு இது. முதல் பாதியைப் பார்த்து மீதியை ஊகிப்பார்கள். நம் மொழியில் காலமும் ஆளும் எதிர்மறையும் சொல்லின் வாலில் இருப்பதால் பொருளே தலைகீழாகிவிடும். 'அனுமதிக்கப்பட்டவர்கள்' என்பதற்கும் 'அனுமதிக்கப்படாதவர்கள்' என்பதற்கும் தொடக்கம் ஒன்று. பரீட்சையில் கேள்வி நிற்பது அந்த வாலில்.

'நடைமுறைப்படுத்தப்படவில்லை' என்ற சொல்லை எடுங்கள். பென்சிலால் கோடு போட்டு நடைமுறைப் / படுத்தப் / பட / வில்லை என்று வெட்டச் சொல்லுங்கள். பிறகு வாலிலிருந்து கேளுங்கள்: நடந்ததா, இல்லையா? இல்லை. யார் செய்ய வேண்டியது, சொல்லியிருக்கிறதா? சொல்லவில்லை. என்ன செய்வது? நடைமுறைக்குக் கொண்டுவருவது. ஒரு நாளைக்கு ஐந்து சொல், பத்திரிகையிலிருந்து பிள்ளையே தேடி எடுத்தது. பேச்சுத் தமிழில் இப்படிப்பட்ட சொற்கள் வருவதே இல்லை. ஆகவே வீட்டில் தமிழ் பேசுகிறோம், தானாக வரும் என்று இருந்துவிடக் கூடாது.

விளக்கம்தான் சிக்கல் என்றால் எப்படிப் பழக்குவது?

1984இல் பலின்சாரும் பிரவுணும் வடிவமைத்த முறை எளிது, செலவில்லாதது. நாலு பிள்ளைகள், ஒரு பந்தி, 25 நிமிடம். ஒருவர் அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பார், இன்னொருவர் கேள்வி கேட்பார், மூன்றாமவர் விளங்காத சொல்லை அவிழ்ப்பார், நாலாமவர் இரண்டு வரியில் சுருக்குவார். அடுத்த பந்திக்கு வேலைகளை மாற்றிக்கொள்ள வேண்டும். வழக்கமாகப் பிழைப்பது இந்த மாற்றத்தில்தான்: கெட்டிக்காரப் பிள்ளையே எல்லாப் பந்தியையும் சுருக்கும், மற்ற மூவரும் பார்வையாளராகிவிடுவர். முதல் இரண்டு வாரம் ஆசிரியரே நாலு வேலையையும் செய்து காட்டவேண்டும். அதைத் தவிர்த்தால், 'இந்தப் பந்தி எதைப் பற்றியது?' என்ற ஒரே கேள்வியையே பிள்ளைகள் மாற்றி மாற்றிக் கேட்பார்கள்.

பாராட்டினால் எண்ணம் உயருமா?

எதைப் பாராட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. 1998இல் முல்லரும் டுவெக்கும் கண்டது: புத்திசாலி என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் ஒரு தோல்விக்குப் பின் சோர்ந்தார்கள், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்தார்கள். 'கெட்டிக்காரி' என்பதை விட 'இந்தச் சொல் விளங்கவில்லை என்று திரும்பிப் போய் முன்வரியை வாசித்தாய் அல்லவா, அதனால்தான் பிடிபட்டது' என்பது மேல். இலகுவான பந்திக்குப் பெரிய பாராட்டு வேண்டாம். 14 வயதுக்கு அது இரக்கம் என்று புரியும்.

டியூஷன் போட்டால் சரிவருமா?

குறிப்பும் மாதிரி விடையும் கொடுக்கும் வகுப்பு என்றால் புள்ளி கொஞ்சம் ஏறும், வாசிப்பு ஏறாது. காணாத பந்தி வந்தவுடன் தெரிந்துவிடும். ஒன்று கேளுங்கள்: வகுப்பில் பிள்ளை தானாக வாசிக்கும் நேரம் எத்தனை நிமிடம்?

ஆங்கில மொழிமூலத்துக்கு மாற்றலாமா?

தமிழில் விளக்கம் பலமான பிள்ளை அந்தப் பலத்தை ஆங்கிலத்துக்கும் கொண்டு போகும். தமிழில் தடக்குப்படும் பிள்ளையை மாற்றினால் இரண்டு மொழியிலும் தோற்கிறேன் என்ற எண்ணம் வரும் ஆபத்து அதிகம்.

எவ்வளவு காலம் எடுக்கும்? எப்போது வேறு உதவி தேடவேண்டும்?

பொருந்தும் தரத்துப் பந்தியில் வாரத்துக்கு நாலு நாள், நாளுக்கு 20 நிமிடம் என்று ஒரு முழுத் தவணை விடாமல் செய்துவிட்டு, அதே மூன்று தரங்களிலிருந்து புதுப் பந்தி எடுத்து மீண்டும் அளந்து பாருங்கள். அதற்கு முன் அளந்தால் மாற்றம் தெரியாது, பிள்ளைதான் சோரும்.

தரம் 6 பந்தியிலேயே 90க்குக் கீழே நின்றால், ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக வாசித்தால், காதால் கேட்கும்போது நன்றாக விளங்கி வாசிக்கும்போது மட்டும் விளங்காவிட்டால், தவணை முடியும்வரை காத்திருக்க வேண்டாம். முதலில் கண்ணைச் சோதியுங்கள். கரும்பலகை தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்படும் பிள்ளைகள் உண்டு. கண் சரியென்றால் வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கச் சிறுவர் வைத்தியரிடம் காட்டுங்கள். போகும்போது பிழை குறித்த அந்த மூன்று தாளையும், திகதி போட்டு, கையோடு எடுத்துச் செல்லுங்கள். 'வாசிக்கிறான் இல்லை' என்று வாயால் சொல்வதை விட அந்தத் தாளிலிருந்து வைத்தியருக்குக் கூடுதலாக விளங்கும்.